கடைசி ரீலில் விளக்கம் சொல்பவர் யார்?

வாசகர் கேள்வி – பதில்

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களுள் பல பேய்ப் படங்களைப் பற்றியே அமைந்திருந்தன. ஒன்றுக்கு எழுதிய பதில் மற்றொன்றுக்கும் தேவைப்பட்டதால், அவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வெளியிடுகிறோம்.

கேள்வி: என் இளமையில் பார்த்த படங்களில், வெள்ளைச் சேலையோடு பாடிக்கொண்டு வரும் பேய், படம் முடியும்போது யாரோ போட்ட வேடம் என்று தெரிந்துவிடும். இப்போதைய படங்களில் பேய் உண்மையாகவே பேயாக இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் நம் பகுத்தறிவு தேய்ந்துவிட்டதா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், ராமேசுவரம்

பதில்: தாங்கள் கவனித்தது முற்றிலும் சரி, ஆனால் அதற்குப் பகுத்தறிவின் தேய்வுதான் காரணம் என்று நான் கருதவில்லை. ஒரு பேய்ப் படத்தில் பேயின் உருவத்தை விட நான் கூர்ந்து பார்ப்பது, கடைசி ரீலில் 'நடந்தது இதுதான்' என்று விளக்கம் சொல்லும் உரிமை யாருக்குத் தரப்பட்டிருக்கிறது என்பதைத்தான். தமிழ்ப் படங்களில் அந்த இடத்தில் நிற்பவர் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறார். மற்ற மாற்றங்கள் பெரும்பாலும் இதன் பின்னால் வந்தவையே.

1951இல் வெளிவந்த 'மர்மயோகி', ஆவி உலவும் காட்சிகளுக்காகவே 'ஏ' சான்றிதழ் பெற்றது. அச்சான்றிதழ் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுவே. ஆயினும் அந்த ஆவி ஆவியன்று. மாண்டுவிட்டார் என்று எல்லோரும் நம்பிய அரசர் உயிரோடுதான் இருந்தார். இந்தியில் 1949இல் வந்த 'மஹல்' படத்தில் பாட்டால் கதாநாயகனை ஈர்த்த மாய உருவமும் தோட்டக்காரரின் மகளே. 1964இல் வந்த இந்திப் படத்தைத் தழுவி 1966இல் தமிழில் எடுக்கப்பட்ட 'யார் நீ'யில், மழையிலும் இருளிலும் தோன்றி மறையும் பெண்ணுக்குப் பின்னால் இருப்பது, ஒருவனைப் பைத்தியமாக்கிச் சொத்தைப் பறிக்கும் சூழ்ச்சி. 'அதே கண்கள்' (1967), வீணை எஸ். பாலசந்தரின் 'நடு இரவில்' (1970) ஆகியவற்றில் பேயே கிடையாது, கொலையாளி மனிதன். இப்படங்களில் பெரும்பாலும் கடைசியில் பேசுபவர் காவல் அதிகாரியாகவோ கதாநாயகனாகவோ இருப்பார். அச்சத்தின் வேர் ஒரு குற்றம். குற்றவாளியின் கையில் விலங்கு பூட்டப்பட்டதும் அச்சம் தீர்ந்துவிடும்.

இக்காலத்துக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. 1964இல் வைக்கம் முகம்மது பஷீரின் கதையை ஆ. வின்சென்ட் மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' என்று படமாக்கினார். (முந்தைய ஆண்டில் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை'க்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரே.) அதில் வரும் பெண் உண்மையாகவே ஆவிதான். அந்த வீட்டில் தனியாகக் குடியேறும் எழுத்தாளர் அவளிடம் பணிவோடு பேசி, அவளுக்கு நேர்ந்ததைத் தேடி அறிந்து எழுதுகிறார். பேயை விரட்டாமல் அதன் கதையைக் கேட்கும் மனிதர் என்பது அந்நாளில் எவ்வளவு புதுமையான எண்ணம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அதன்பின் விளக்கம் சொல்லும் பொறுப்பு தெய்வத்திடமும் பூசாரியிடமும் சென்றது. 1978இல் விட்டலாச்சார்யா தெலுங்கில் எடுத்த 'ஜகன்மோகினி' தமிழ் பேசி நம் கொட்டகைகளில் ஓடியபோது, பேய் உண்மையானது, அதை அடக்கும் பக்தியும் உண்மையானது என்பதில் படத்துக்குச் சிறிதும் ஐயம் இல்லை. எண்பதுகளின் 'யார்?' (1985), 'மை டியர் லிசா' (1987) முதலியவற்றையும் இவ்வரிசையில் வைக்கலாம். அவற்றில் தங்கிப் பேச அதிகமில்லை. 1993இல் பாசில் மலையாளத்தில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' மனநல மருத்துவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது. அது 2005இல் பி. வாசு இயக்கத்தில் 'சந்திரமுகி'யாகத் தமிழகமெங்கும் பரவியபோது, பேய் என்பது ஆழ்மனத்தின் நோய் என்று ஒரு மருத்துவர் சொல்ல, மக்கள் அதைக் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

தாங்கள் வருந்தும் மாற்றம் இதற்குப் பிறகுதான் நிகழ்ந்தது. 'முனி' (2007), 'ஈரம்' (2009), 'காஞ்சனா' (2011) ஆகியவற்றில் பேய் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கியது. ஏமாற்றப்பட்ட எளிய மனிதர், கணவனின் சந்தேகத்துக்குப் பலியான மனைவி, நிலத்தைப் பறிகொடுத்துக் கொல்லப்பட்ட திருநங்கை ஆகியோர், உயிரோடிருந்தபோது எவரும் கேட்க மறுத்ததை இறந்த பின் கேட்கவைக்கிறார்கள். இதை அறிவின் பின்னடைவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. முன்னைய படங்களில் நீதி தர வேண்டிய அதிகாரி கடைசியில் வந்து சேர்ந்தார். 'ஈரம்' நீங்கலாக இப்படங்களில் அவர் வருவதே இல்லை, வந்தாலும் குற்றவாளியின் பக்கம் நிற்கிறார். சட்டத்தின் மேல் இருந்த நம்பிக்கை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைத்தான் இம்மாற்றத்தில் நான் காண்கிறேன். கவலைப்பட வேண்டியதும் அதைப் பற்றித்தான். 2014இல் மிஷ்கின் எடுத்த 'பிசாசு'வை இவற்றுள் தலைசிறந்ததாகக் கருதுகிறேன். அப்படத்தின் பேய் பழிவாங்க வரவில்லை. தன் தரப்பை வாதாடவும் இல்லை.

கேள்வி: வெளிநாட்டுப் பேய்ப் படங்களும் இதே வழியில்தான் மாறியுள்ளனவா?
– கல்லூரி மாணவி, கீழக்கரை

பதில்: இல்லை அம்மா, அங்கே வரிசை வேறு. ஜெர்மனியில் 1920இல் வந்த 'டாக்டர் கலிகாரி' மௌனப் படத்திலேயே, நாம் இதுவரை பார்த்த கொடூரக் கதையைச் சொன்னவன் ஒரு மனநலக் காப்பகவாசி என்று கடைசியில் தெரிகிறது. அதாவது, நம் சினிமா 1993இல் எட்டிய திருப்பத்தை அவர்கள் பேசும் படம் பிறப்பதற்கு முன்பே தொட்டுவிட்டார்கள். 1931இல் ஹாலிவுட் எடுத்த 'டிராகுலா'வில் விளக்கம் சொல்பவர் பேராசிரியர். 1960இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' கோட்டைகளையும் கல்லறைகளையும் விட்டுவிட்டு, நெடுஞ்சாலை ஓரத்து விடுதிக்கு அச்சத்தைக் கொண்டுவந்தது. அதன் முடிவில் ஒரு மனநல மருத்துவர் நெடுநேரம் நின்று எல்லாவற்றையும் விளக்குகிறார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1973இல் வந்த 'எக்சார்சிஸ்ட்' படத்தில் மருத்துவர்கள் தோற்றுக் கைவிரிக்க, பாதிரியார்கள் வருகிறார்கள். நம்மவர் பூசாரியிடமிருந்து மருத்துவரிடம் போனார்கள். அமெரிக்கர்கள் மருத்துவரிடமிருந்து பாதிரியாரிடம் திரும்பினார்கள்.

இதற்கிடையே 1968இல் ஜார்ஜ் ரொமேரோ மிகக் குறைந்த செலவில் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில், இறந்தவர்கள் எழுந்து நடப்பதற்கான காரணத்தைத் தொலைக்காட்சிச் செய்தி சொல்கிறது. அதிலும் அதிகாரிகள் தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை. 1998இல் ஜப்பானில் வந்த 'ரிங்கு' இன்னும் ஒரு படி மேலே போகிறது. கிணற்றில் கிடந்த பெண்ணின் எலும்புகளை எடுத்து ஆறுதல் செய்துவிட்டால் சாபம் தீரும் என்று கதைமாந்தர் முடிவு செய்கிறார்கள், நாமும் நம்புகிறோம், ஆனால் அந்த விளக்கமே பிழை என்று அதன்பின் தெரியவருகிறது. அடுத்த ஆண்டு வந்த 'பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' படத்தில் விளக்கம் சொல்ல ஒருவரும் இல்லை. காட்டுக்குள் போன மூவரின் கேமரா தரையில் விழுவதோடு படம் நின்றுவிடுகிறது. தமிழ்ப் படங்கள் இன்னும் இந்த இடத்துக்கு வரவில்லை. இடைவேளைக்குப் பின் முழு முன்கதையையும் சொல்லிவிடாமல் நம் இயக்குநர்களால் இருக்க முடிவதில்லை. ரசிகர் குழம்பிவிடுவார் என்ற இந்த அச்சத்திலிருந்து அவர்கள் விடுபட வேண்டும்.

கேள்வி: சிறுமியாக இருந்தபோது டூரிங் கொட்டகையில் 'ஜகன்மோகினி' பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன். அதே படத்தை இப்போது என் பிள்ளைகள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பயம் எங்கே போயிற்று?
– இல்லத்தரசி, தங்கச்சிமடம்

பதில்: பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்து எரிக்கும் காட்சியைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கையடக்கத் தொலைபேசியிலேயே முகத்தை மாற்றி விளையாடும் பிள்ளைகளுக்கு அந்தத் தந்திரம் நொடியில் விளங்கிவிடுகிறது. தந்திரம் விளங்கிய இடத்தில் சிரிப்பு வருவது இயல்பு. ஆனால் தங்களை அச்சுறுத்தியது அந்தக் காட்சி மட்டுமா என்று எண்ணிப் பாருங்கள். மணல் தரை, திரைக்குப் பின்னாலிருந்து இரைச்சலோடு வரும் ஒலி, இரண்டாம் ஆட்டம் முடிந்து பனைமரங்களுக்கு நடுவே இருட்டில் வீடு திரும்பிய வழி ஆகியவை அனைத்தும் சேர்ந்ததுதான் அந்தப் படம். பகல் வெளிச்சத்தில், கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

அச்சம் கண்ணை விடக் காதின் வழியாகவே மிகுதியாக நுழைகிறது என்பதைத் திரைக்கலைஞர்கள் வெகுகாலமாக அறிவார்கள். 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்துபோகிறாள். காலடி ஓசைகள் ஒவ்வொன்றாக அடங்கிப் போன நிலையில், பாய வரும் விலங்கின் சீற்றம் போன்ற ஓசை திடீரென்று எழுகிறது. வந்து நிற்பதோ ஒரு பேருந்து. இன்றுவரை எடுக்கப்படும் திடுக்கிடல் காட்சிகளுக்கெல்லாம் மூதாதை அதுவே. தமிழில் 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியைக் கொண்டுவந்தது. மறு ஆண்டில் டி.டி.எஸ். ஒலியோடு வந்த முதல் தமிழ்ப் படமான 'கருப்பு ரோஜா' மாந்திரீகக் கதையாக இருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கதவு கிறீச்சிடச் செய்யும் வசதி கையில் கிடைத்ததும் பேய்க் கதையைத்தான் யாரும் நாடுவார்கள். அந்த வசதியே பிறகு நோயாகவும் ஆயிற்று. நிசப்தம், பிறகு காதைப் பிளக்கும் ஓசை, மீண்டும் நிசப்தம் என்று இரண்டு மணி நேரம் நடத்தும் படங்கள் இன்று மலிந்துவிட்டன. பட்டாசு வெடித்தாலும் உடல் அதிரத்தான் செய்யும். அந்த அதிர்ச்சியை அச்சம் என்று எண்ணிக்கொள்வது ரசனைக்குச் செய்யும் கேடு. விக்ரம் குமார் இயக்கி, பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த 'யாவரும் நலம்' (2009) படத்தைத் தங்கள் பிள்ளைகளோடு விளக்கை அணைத்துவிட்டு இரவில் பாருங்கள். ஒரு குடும்பம் நாள்தோறும் பார்க்கும் தொலைக்காட்சித் தொடர் அதன் சொந்த வாழ்க்கையாகவே மாறுவதில் பெரிய ஓசை எதுவும் தேவைப்படவில்லை. அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

கேள்வி: இப்போதெல்லாம் பேய்ப் படம் என்றாலே நகைச்சுவைப் படமாக இருக்கிறதே, ஏன்?
– கடை உரிமையாளர், மண்டபம்

பதில்: கலைக் காரணத்தை விட வணிகக் காரணமே பெரிது. 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது. குடும்பங்களும் கொட்டகைக்கு வருவதில்லை. 2011 முதல் தமிழக அரசின் கேளிக்கை வரி விலக்குக்குத் தமிழ்த் தலைப்போடு 'யு' சான்றிதழும் வேண்டும் என்றாயிற்று. 2017இல் ஜி.எஸ்.டி. வரும் வரை இக்கணக்கு எல்லாத் தயாரிப்பாளர்களின் மனத்திலும் இருந்தது. சிரிப்பு கலந்தால் தணிக்கையில் அச்சத்தின் கடுமை குறையும். ஒரே பங்களாவுக்குள் படப்பிடிப்பை முடித்தால் செலவும் குறையும். 'யாமிருக்க பயமே', 'அரண்மனை' (இரண்டும் 2014), 'டார்லிங்' (2015), 'தில்லுக்கு துட்டு' (2016) என்று வரிசையாக வந்ததன் பின்னணி இதுவே. அவற்றுள் முதலாவது மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது.

கேள்வி: நம் படங்களில் பேய் பங்களாவிலும் காட்டிலும் மட்டும் வருகிறது. கடலுக்குப் போகும் எங்களுக்குத் தெரிந்த பயத்தை ஏன் யாரும் படமாக எடுப்பதில்லை?
– மீனவர், பாம்பன்

பதில்: இதை எழுதியதற்காகத் தங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் ஐயா. கடலில் படம்பிடிப்பது மிகக் கடினம் என்பது ஒரு காரணம். 1975இல் வெளிவந்த 'ஜாஸ்' படத்தை ஸ்பீல்பெர்க் உண்மையான கடலில் எடுக்கப் போனபோது, 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் நீண்டது. உப்புநீரில் இயந்திரச் சுறா அடிக்கடி பழுதானது. வேறு வழியின்றிச் சுறாவைக் காட்டாமலே காட்சிகளை எடுத்தார். நீருக்கடியில் என்ன வருகிறதென்று தெரியாத அந்த அச்சமே படத்தைக் காப்பாற்றியது.

ஆயினும் தாங்கள் கேட்கும் அச்சத்துக்கு மிக நெருக்கமானது 1954இல் ஜப்பானில் இஷிரோ ஹோண்டா இயக்கிய 'காட்ஜில்லா' என்றே சொல்வேன். பிற்காலத்து விளையாட்டுப் படங்களை வைத்து அதை எடைபோட்டுவிடாதீர்கள். அவ்வாண்டு மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், சூரை பிடிக்கப் போயிருந்த ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின்மேல் பொழிந்தது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவர் செப்டம்பரில் இறந்தார். நவம்பரில் படம் வந்தது. அதன் தொடக்கத்தில் கடலில் ஒரு கப்பல் ஒளிவெள்ளத்தில் எரிந்து மூழ்குகிறது. செய்தி கேட்டு அலுவலக வாசலில் குடும்பங்கள் கூடி, எங்கள் ஆட்கள் எங்கே என்று கேட்டு நிற்கின்றன. கப்பலை மூழ்கடித்தது என்ன விலங்கு என்பதை அப்படத்தில் முதலில் சொல்பவர் தீவில் வாழும் வயதான மீனவர். விஞ்ஞானி பிறகுதான் வந்து அதை உறுதி செய்கிறார். விளக்கம் சொல்லும் உரிமையைக் கடற்கரை மனிதருக்குத் தந்த படம் அது.

தமிழில் 2025இல் வந்த 'கிங்ஸ்டன்' கடலுக்குள் அமானுஷ்யக் கதையைக் கொண்டுபோக முயன்றது; முயற்சியை வரவேற்கிறேன். ஆனால் புயல் எச்சரிக்கைக்கு முன் போன படகு, தண்ணீரில் கோடு தெரியாத எல்லை, போனவர் திரும்பும் வரை கரையில் நிற்கும் பெண்கள் ஆகியவை தங்கள் ஊரில் நாள்தோறும் இருக்கும் அச்சங்கள். இவற்றை அறிந்த ஒருவர் எழுதாமல் அந்தப் படம் பிறக்காது. தங்கள் ஊர் இளைஞர்களில் எவரேனும் எழுதத் தொடங்கியிருந்தால் இந்த இதழுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் படிக்கக் காத்திருக்கிறேன்.

கேள்வி: தனுஷ்கோடியைப் 'பேய் நகரம்' என்று சொல்லி, இடிந்த தேவாலயத்தில் இரவில் உருவங்கள் தெரிவதாகக் காணொளிகள் வெளியிடுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளும் அதையே கேட்கிறார்கள். இது சரியா?
– ஆட்டோ ஓட்டுநர், ராமேசுவரம்

பதில்: சரியில்லை. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் அலையில் அடித்துச் செல்லப்பட்டு, அதில் இருந்தவர்கள் மாண்டார்கள். பின்னர் அவ்விடம் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. அங்கே நடந்ததை விளக்கப் பேய் எதுவும் தேவையில்லை. உற்றாரை இழந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அருகிலேயே இருக்கிறார்கள். மீனவக் குடும்பங்கள் இன்றும் அந்த மணலில் குடிசை போட்டுத் தொழில் செய்கின்றன. ஓர் உண்மையான இடத்தின் பெயரைப் பேய்க் கதைக்கு எடுத்துக்கொள்வது புதிதன்று. சென்னை ஆழ்வார்பேட்டையின் ஒரு தெரு 'டிமான்டி காலனி' (2015) படத்துக்குப் பின் அப்படித்தான் வேடிக்கை பார்க்கும் இடமாயிற்று. அது பழைய வணிகர் ஒருவரைச் சுற்றிய கட்டுக்கதை. தனுஷ்கோடியில் இறந்தவர்களோ பெயரும் உறவும் உள்ளவர்கள். அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்ட பின், அங்கே வரும் பயணிக்குப் புயலின் கதையை முதலில் சொல்லக்கூடியவர் தாங்கள்தான். அதைச் சொல்லுங்கள், உருவங்களைப் பற்றிக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பேய் பிடித்ததாகச் சொல்லிப் பெண்ணைச் சங்கிலியால் கட்டிவைக்கும் காட்சி வரும்போது என்னால் திரையைப் பார்க்க முடிவதில்லை. எங்கள் ஊரை அறிந்த எவராலும் முடியாது. இத்தகைய படங்களைத் தடை செய்தால் என்ன?
– செவிலியர், ஏர்வாடி

பதில்: தங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் வேறு எதையும் என்னால் எழுத முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்று தெளிவாகத் தடை செய்கிறது. அத்தீயில் இறந்தவர்கள் எவரும் பேய்கள் அல்லர். உறவினர்கள் குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விட்ட நோயாளிகள்.

தடை கேட்பதில் மட்டும் நான் தங்களோடு உடன்படவில்லை. தடை செய்யப்பட்ட படம் மறைவாகப் பார்க்கப்படும். அதைக் குறித்த விவாதம்தான் நின்றுபோகும். இயக்குநர்களிடம் நாம் கேட்க வேண்டியது வேறு. கட்டிலில் கட்டப்பட்ட பெண் உருமும் காட்சி, ஒருவர் மற்றொருவரிடமிருந்து எடுத்து எடுத்துத் தேய்ந்துபோன காட்சி. கட்டப்பட்டவளின் கண்ணால் அந்த அறையைக் காட்டிய தமிழ்ப் படம் ஒன்றை என்னால் நினைவுகூர முடியவில்லை. அப்படி ஒரு படம் வந்தால், அதில் அச்சம் தருபவர்கள் சுற்றி நிற்பவர்களாக இருப்பார்கள்.

'சந்திரமுகி'யை மேலே பாராட்டினேன். அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். நோய் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதை ஒரே இரவில் ஒரு நாடகத்தால் தீர்த்துவிடுகிறது. மாதக் கணக்கில் மருந்து, தூக்கம், பொறுமையுள்ள வீட்டார் என்று நீளும் உண்மைச் சிகிச்சை தங்களுக்குத் தெரிந்த அளவு எந்தத் திரைக்கதை ஆசிரியருக்கும் தெரியாது. ஆனால் மருத்துவரும் மாந்திரீகரும் ஒருவரையொருவர் பழிக்காமல் சேர்ந்து நிற்கும் ஒரு தருணம் அப்படத்தில் உண்டு. ஏர்வாடி தர்காவுக்கு வருவோருக்குத் துவா என்னும் வேண்டுதலோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு மனநல மருத்துவர்கள் அங்கேயே பார்க்கும் ஏற்பாடு வந்ததை அறிந்தபோது எனக்கு அத்தருணம்தான் நினைவுக்கு வந்தது. இக்கேள்வியைப் படிக்கும் குடும்பங்களில் எவருக்கேனும் உதவி வேண்டுமென்றால், அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பேய்ப் படம் பார்த்தே தீருவேன் என்கிறாள். அனுமதிக்கலாமா?
– ஒரு தாய், தொண்டி

பதில்: கூடவே உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் அனுமதிக்கலாம். 2024ஆம் ஆண்டின் தணிக்கை விதிகளின்படி 'யுஏ' சான்றிதழ் 7, 13, 16 என்று வயதோடு பிரித்துத் தரப்படுகிறது. புதிய படமாக இருந்தால் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். தொடங்குவதற்கு 'யார் நீ' ஏற்றது. 'நானே வருவேன்' பாட்டைப் பி. சுசீலாவின் குரலில் இருட்டில் கேட்கும்போது அவளுக்குத் தேவையான அளவு நடுக்கம் கிடைக்கும். முடிவில் எல்லாம் மனிதர் செய்த சூழ்ச்சி என்று தெரிவதால் இரவில் தூங்கவும் செய்வாள். 'ஏ' சான்றிதழ் பெற்றவற்றை எவ்வளவு அடம் பிடித்தாலும் இப்போது காட்ட வேண்டாம்.